ரோந்துக் காரின் முன் இருக்கை

ஊரில் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், ரோந்து போகும் போலீஸ்காரர் நம்மையும் காரில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார். 'ரைட் அலாங்' என்று பெயர். டெக்சஸில் ஆஸ்டினுக்கு அருகே நாங்கள் இருக்கும் ஊரில், ஒரு சனிக்கிழமை மதியம் நானும் போனேன். ஈரோட்டில் எங்கள் வண்டி திருடு போனபோது, அப்பா ஸ்டேஷன் வாசலில் நாள் முழுக்க நின்றுவிட்டுப் புகார் கொடுக்காமலே திரும்பினார். "உள்ள கூப்பிடவே இல்லம்மா" என்றார். அவர் மகளுக்கு இங்கே கைல் என்ற இளம் அதிகாரி கதவைத் திறந்துவிட்டார். முன் இருக்கையில் உட்கார்ந்தபடி படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். பெருமையாகத்தான் இருந்தது.

இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ரேடியோவில் ஓர் அழைப்பு வந்தது: ஓர் அபார்ட்மென்ட்டில் சண்டைச் சத்தம் கேட்கிறதாம். என்னைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போன கைல், சிறிது நேரத்தில் திரும்பி வந்தார். "அந்தப் பெண் தமிழ் பேசுகிறாள். போனில் மொழிபெயர்ப்பாளர் கிடைக்க நேரமாகும். உதவுவீர்களா?" என்றார். மகிழ்ச்சியோடு இறங்கினேன்.

உள்ளே சோபாவின் விளிம்பில் ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். பெயர் கவிதா. கணவன் கீழே பார்க்கிங்கில் இன்னோர் அதிகாரியோடு நின்றிருந்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

"அக்கா, நீங்க போலீஸா?"

"இல்லம்மா. சும்மா கூட வந்தேன்."

"நடந்ததச் சொன்னா அவர அரெஸ்ட் பண்ணிடுவாங்களா? எங்க விசாவே அவர் வேலையிலதான் இருக்கு."

கைலிடம் அப்படியே கேட்டேன். அவர் புன்னகைத்து, "வீ ஜஸ்ட் வான்ட் டு ஹெல்ப் ஹெர்" என்றார். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அன்று அது எனக்கு உறைக்கவில்லை. காதில் விழுந்தது அவருடைய ஆங்கிலம்; தமிழில் நான் சொன்னது என் ஆசை.

"ஒண்ணும் பண்ண மாட்டாங்கம்மா. தைரியமா சொல்லு."

அவள் சேலைத் தலைப்பை விலக்கி மணிக்கட்டைக் காட்டினாள். சிவந்து வீங்கியிருந்தது. இது முதல் தடவை இல்லை என்றாள். ஒவ்வொரு சொல்லையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கைல் குறித்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தோம். அவள் கணவனின் கைகளைப் பின்னால் இழுத்து விலங்கு மாட்டினார்கள்.

கவிதா கத்தவில்லை. என் கையைப் பிடித்திருந்தவள், விட்டாள்.

"அக்கா, நீங்கதான சொன்னீங்க?"

காரில் கைலிடம் கேட்டேன். "அரெஸ்ட் செய்யமாட்டேன் என்று நான் சொல்லவில்லையே" என்றார், அதே புன்னகையோடு. "யூ டிட் கிரேட்."

அடித்தவனைப் பிடித்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அவளிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும். என் தமிழை வாங்கிக்கொண்டு அந்த ஒரு கேள்வியைத் தாண்டிப் போனார்கள். நானும் போனேன். அப்பா போனில், "போலீஸ் கார்ல போனியே, எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார். நல்லா இருந்துச்சுப்பா என்றேன்.

கணவன் மறுநாள் ஜாமீனில் வந்தானாம். கவிதா தனியாக ஒரு தோழி வீட்டில் இருக்கிறாளாம். போன வாரம் இந்தியக் கடை வாசலில் அவளைப் பார்த்தேன். கூப்பிட வாயெடுத்தபோது ரோந்துக் கார் ஒன்று மெதுவாகக் கடந்தது. உள்ளிருந்து கைல் சிரித்துக் கையசைத்தார். பழக்கத்தில் என் கையும் எழுந்துவிட்டது. கார் டிரங்கில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டிருந்த கவிதா அந்தக் கையைப் பார்த்தாள். உயர்த்தவும் முடியாமல், இறக்கவும் முடியாமல், இருவருக்கும் நடுவே அது அப்படியே நின்றது.