பானைக்குள் வைத்த ஸ்பீக்கர்

வில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் படம் பார்க்க வருகிறவர்கள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பானையப் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். கொடைக்கானலில் டிவி கோபுரம் வந்த புதிது. ஊரில் வேறு சில வீடுகளிலும் டிவி இருந்தது. ஆனால் டிவியின் சத்தம் இரண்டு மண்பானைகளுக்குள்ளிருந்து கும்மென்று வருவது எங்கள் வீட்டில் மட்டும்தான். அந்த ஏற்பாடு முழுக்க என் கைவேலை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். மதுரையில் விடுதியில் தங்கி இயற்பியல் படித்தேன். திரும்பி வந்து கொடைக்கானலில் ஒரு பள்ளியின் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். காலையில் காரட் மூட்டைகள் ஏறும் பஸ்ஸிலேயே நானும் ஏறிப் போவேன். ஊர்ப் பெண்கள் சிலர் டவுனில் பாத்திரம் கழுவப் போனார்கள், சிலர் கம்பளி விற்கும் கடைகளில் நின்றார்கள். நான் மின்சுற்றுப் பலகைகளைத் துடைத்து அடுக்கப் போனேன். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. அதை மறைத்துக்கொள்ள நான் ஒருநாளும் முயன்றதில்லை.

பிள்ளைகளின் பள்ளிப் படிப்பு முடிந்து தாய்நாடு திரும்பும் வெளிநாட்டுக் குடும்பங்கள் வீட்டுச் சாமான்களை மலிவாக விற்றுவிட்டுப் போவது கொடைக்கானல் வழக்கம். அவற்றில் பலவும் அவர்கள் ஊர் மின்சாரத்துக்குச் செய்தவை. நம் மின்சாரத்தில் பாதி வோல்ட்டேஜ்தான் தாங்கும். அது தெரியாமல் வாங்கி வந்து நேராகச் சுவரில் செருகி, ஒரே நிமிடத்தில் புகைந்துபோன மிக்ஸியும் இஸ்திரிப்பெட்டியும் எங்கள் தெருவிலேயே உண்டு. அப்படிப்பட்ட ஒரு விற்பனையில் ஓர் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் யாரும் தொடாமல் கிடந்தன. நான் வாங்கினேன். திண்டுக்கல்லில் மோட்டார் வைண்டிங் கடை ஒன்றில் வோல்ட்டேஜைப் பாதியாகக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தரச் சொன்னேன். எந்தக் கம்பி, எத்தனை சுற்று என்று நானே கணக்குப் போட்டுக் கொடுத்தேன். கடைக்காரர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மறுபடி தாளைப் பார்த்தார். "எந்தக் கடையில வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். ஊர் வந்து சேரும்வரை அந்தக் கேள்வியை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

ஆம்ப்ளிஃபயர் உயிரோடு இருந்தது. ஸ்பீக்கர்களின் மரப்பெட்டிகள்தான் மலையின் ஈரத்தில் ஊறி, ஏடு ஏடாகப் பிரிந்து வந்தன. உள்ளே இருந்த காகிதக் கூம்புகளில் பூஞ்சை பூத்திருந்தது. அடுப்படியில் ஒரு பரணில் வைத்து அவற்றைக் காயவிட்டேன். பெட்டிக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அப்பா ஒரு காரியம் செய்தார். விதை வாங்கக் கன்னிவாடிச் சந்தைக்குப் போனவர், வாய் அகன்ற இரண்டு மண்பானைகளோடு வந்து இறங்கினார். பஸ்ஸில் மலையேறி வந்த அத்தனை வளைவுக்கும் அவற்றை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"டீக்கடையில பாத்தேன் தாயி. பானைக்குள்ள வச்சிருக்கான். சத்தம் நெஞ்சுக்குள்ள வந்து அடிக்குது" என்றார்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. பானை வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி, எங்கள் டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட்டைப் போட்டதும் தவில் ஒலி வீட்டுத் தரையில் ஓடியது. பக்கத்து வீட்டு அண்ணன் காய்கறி லாரி ஓட்டுகிறவர். லாரியில் அவர் வைத்திருந்த டேப் ரெக்கார்டரின் சத்தம், வண்டி வளைவு திரும்புமுன்பே ஊருக்குள் வந்துவிடும். அவரே எங்கள் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "பிள்ள படிச்ச படிப்பு பூராவும் இந்தப் பானைக்குள்ளதான் கெடக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். டிவியின் இயர்போன் துளையிலிருந்து ஒயர் இழுத்து ஆம்ப்ளிஃபயரில் கொடுத்த பிறகு, எங்கள் வீடு ஒரு சின்னத் தியேட்டர் ஆகிவிட்டது. சாயங்காலமானால் வோல்ட்டேஜ் இறங்கிப் படம் சுருங்கும். அதற்கு ஒரு ஸ்டெபிலைசர். ஆம்ப்ளிஃபயர் ஊம் என்று முனகும். அதற்கு ஒயரை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்து ஒரு வழி. மாதம் ஒன்று சரியாகும், இன்னொன்று கெடும். டவுனில் நான் பார்த்ததெல்லாம், படித்ததெல்லாம் அந்த அறைக்குள் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

ஞாயிறன்று படத்துக்கு முன்வரிசையில், சாக்கு விரிப்பின் நடுவில், அப்பா உட்காருவார். வந்தவர்களுக்கெல்லாம் பானை வந்த கதையைச் சொல்வார். படம் முடியும்வரை அசையாமல் பார்ப்பார். அவரைவிட ஆர்வமான ரசிகர் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை பள்ளிக்கு விடுமுறை. வெள்ளனே எழுந்து அம்மாவும் அப்பாவும் ஓடையில் காரட் கழுவப் போயிருந்தார்கள். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். சரிவில் இறங்கும்போதே அம்மாவின் குரல் கேட்டது. முந்தின நாள் படத்தின் கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். வெறும் கதையாக இல்லை, பேச்சுக்குப் பேச்சு சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா காரட்டைக் காலால் மிதித்துக் கழுவியபடி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோர்ட்டுல அந்த வக்கீலு விரலை நீட்டி என்னமோ சொன்னானே, அது என்னது?" என்று கேட்டார்.

"அதுவா? செத்துப்போனதாச் சொன்ன ஆளு உசுரோட இருக்கான்னு சொல்லுறான்."

"அடப்பாவி. அதுக்குத்தான் அந்தப் பிள்ள அழுதுச்சா."

நான் தூக்குவாளியோடு வேலிக்கருகில் நின்றுவிட்டேன். முன்வரிசையில் உட்கார்ந்த மனிதருக்கு ஒரு வசனமும் கேட்டிருக்கவில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அம்மா அவருக்கு அந்தப் படத்தை மறுபடி ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். இளவயதில் அப்பா மலைச்சாலை போடும் வேலையில் இருந்தவர், பாறைக்கு வெடி வைக்கிற ஆள். எங்கள் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசுவோம், முகத்தைப் பார்த்துத்தான் பேசுவோம். அது எங்கள் குடும்பத்து வழக்கம் என்றே நினைத்து வளர்ந்தேன். விடுதியில் என்னுடன் இருந்த பெண்கள் மெதுவாகப் பேசு என்று சொல்லும்போதெல்லாம் மலைக்காரி அப்படித்தான் பேசுவாள் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

காது கேட்கவில்லை என்று அப்பா யாரிடமும் சொன்னதில்லை. சந்தையில் பேரம் பேசுகிற ஆள் அதைச் சொல்ல முடியாது. வீட்டில் சொல்லாததற்குக் காரணம் வேறாக இருக்கலாம். நானும் கேட்கவில்லை. ஆனால் அந்த முன்வரிசை ஆளுக்கு ஒரு படமாவது அம்மா சொல்லாமல் கேட்க வேண்டும் என்று ஓடைக்கரையிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ஆய்வகத்தில் ஒலி அலை உண்டாக்கும் கருவி ஒன்று இருந்தது. ஒரு குமிழைத் திருகினால், அடிவயிற்று முனகலிலிருந்து கொசுவின் ரீங்காரம்வரை எந்தச் சுருதியையும் தரும். அனுமதி கேட்டு ஒரு சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஸ்பீக்கரைச் சோதிக்கிறேன் என்று சொல்லி, அப்பா கூடை முடைந்துகொண்டிருக்கும்போது குமிழை மெல்லத் திருகினேன். தாழ்ந்த ஒலியில் அவர் தலையை ஆட்டினார். நடுச் சுருதியில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு மேலே போகப் போக, அம்மா அடுப்படியிலிருந்து "பல்லு கூசுது, நிப்பாட்டு" என்றார், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது. அப்பா மட்டும் அமைதியாகப் பிரம்பை வளைத்துக்கொண்டிருந்தார்.

ச, ட, க என்று எழுத்துகள் வெட்டிக்கொண்டு நிற்பது அந்த மேல் சுருதியில்தான். அவை போய்விட்டால் மிச்சம் இருப்பது வெறும் முனகல். பானை என்ன செய்துகொண்டிருந்தது? அந்த முனகலை இன்னும் பெரிதாக்கி, மிச்சம் இருந்த கொஞ்சம் எழுத்தையும் மூடிக்கொண்டிருந்தது. ஆனால் டீக்கடையில் அது ஏன் அவருக்கு அவ்வளவு பிடித்தது என்பதும் அப்போது புரிந்தது. அவருக்கு மிச்சம் இருந்த சத்தம் அதுதான்.

பானையை எடுத்துவிட்டால் அவருக்குக் காரணம் சொல்ல வேண்டும். அதனால் பானைகளை அப்படியே விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று செய்தேன். பிளம்ஸ் அனுப்பும் மரப்பெட்டியின் பலகைகளை அறுத்துச் சின்னப் பெட்டி ஒன்று அடித்தேன். செத்துப்போன ஒரு ரேடியோவின் ஸ்பீக்கரை அதில் வைத்தேன். தாழ்ந்த சத்தம் உள்ளே போகாதபடி ஒயரில் ஒரு கெபாசிட்டரைச் சேர்த்தேன். பெட்டி அதிராமல் இருக்க உள்ளே கம்பளி மயிர் அடைக்க வேண்டும். ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி, செம்மறிப் பண்ணை இருக்கிற மன்னவனூர்க்காரி, ஒரு பை நிறையக் கொண்டுவந்து தந்தாள். கழுவாத மயிர். அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆட்டை உள்ள அடைச்சு வச்சிருக்கியா?" என்றார். பேச்சு அந்தப் பெட்டியிலிருந்து, படத்திலுள்ள முகத்துக்கு நேர் கீழிருந்து, அப்பாவின் முழங்காலுக்கு எதிரே வரும்படி வைத்தேன்.

அந்த ஞாயிறு வீடு நிறைந்திருந்தது. முதல் பாதி முழுவதும் நான் டிவியைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்போதும்போல அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவர் கண் நடிகர்களின் வாயில் இருந்தது. நான் செய்த சின்னப் பெட்டியைப் பானைகள் இரண்டும் சேர்ந்து முழுங்கிவிட்டன.

படத்தின் நடுவே செய்தி வாசிப்பார்கள். அப்போதுதான் எல்லோரும் எழுந்து காலை உதறுவார்கள், அம்மா கடுங்காப்பி கொடுப்பார். அந்த இடைவேளையில் ஆம்ப்ளிஃபயரின் பின்னால் கைவிட்டுப் பானைகளுக்குப் போகும் ஒயர்களைக் கழற்றினேன். தாழ்ந்த சத்தத்துக்கான பேஸ் குமிழைக் கடைசிவரை குறைத்தேன், மேல் சுருதிக்கான ட்ரெபிளைக் கடைசிவரை கூட்டினேன்.

படம் தொடங்கியதும் லாரி அண்ணன் திரும்பிப் பார்த்தார். "என்ன பாப்பா, சத்தம் கீச்சுன்னு கெடக்கு? பானை செத்துப்போச்சா?"

"கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்ணே."

"அப்பாரு மடியில வச்சுச் சுமந்துட்டு வந்த பானை. அதைப் போயி நிப்பாட்டிட்டியே. போடு பாப்பா, பாட்டு வரப்போகுது."

பின்வரிசையிலும் சலசலப்பு எழுந்தது. அப்பாவுக்காகத்தான் என்று சொல்ல என் வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஒயரைக் கையில் பிடித்தபடி, மறுபடி செருகிவிடலாமா என்று நின்றேன். படத்தில் ஒரு தம்பி அண்ணனிடம் நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"பொய் சொல்லுறான்" என்றார் அப்பா.

யாரைச் சொல்கிறார் என்று எல்லோரும் பார்த்தார்கள்.

"அந்தத் தம்பிக்காரன். பத்திரத்துல கையெழுத்துப் போடலங்கிறான். முன்னாடி அவன்தான பேனாவ வாங்குனான்."

அம்மா காப்பித் தட்டோடு நின்றுவிட்டார். லாரி அண்ணனுக்கு எதுவும் தெரியாது. "அது சரிங்க சித்தப்பா, பானையப் போடச் சொல்லுங்க" என்றார்.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேணாம்ப்பா. பானை போட்டா எனக்கு ஒண்ணும் வெளங்காது. காது மந்தம் எனக்கு. ரொம்ப நாளா" என்றார். சொல்லிவிட்டு, மழை வரும்போலிருக்கிறது என்று சொன்னவரைப்போல மறுபடி படத்துக்குள் போய்விட்டார்.

லாரி அண்ணன் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, தன் முட்டு மறைத்துக்கொண்டிருந்த சின்னப் பெட்டியை அப்பா பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்தார். அன்று படம் முடிந்தபோது அப்பா கதையைப் பற்றி அவரோடு சண்டையே போட்டார். அண்ணன்காரன் நிலத்தை விட்டுக்கொடுத்தது தப்பு என்று இவரும், சரிதான் என்று அவரும். வாசலில் நின்று வெகுநேரம் பேசினார்கள். உரக்கத்தான்.

ஊர் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமைப் பாட்டுக்குப் பானை, ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குப் பெட்டி. இதற்காகவே ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் ஒரு சுவிட்ச் வைத்தேன். மதுரையில் காது டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொல்ல ஆரம்பித்தார். அப்பாவும் முதல்முறையாக, காரட் எடுப்பு முடியட்டும் என்றார். முடியாது என்று சொல்லவில்லை. போகும் நாளுக்கு விடுப்பு கேட்டு வைத்திருக்கிறேன்.

பெட்டியின் வேலை இன்னும் முடியவில்லை. கெபாசிட்டரை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். எது சரி என்று என் காது எனக்குச் சொல்லாது. அதனால் ஞாயிறு மத்தியானம், ஆட்கள் வருமுன்பு, அப்பாவைச் சாக்கில் உட்காரவைத்து ரேடியோ நாடகம் பதிந்த ஒரு கேசட்டைப் போடுகிறேன். நான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து குமிழைத் திருகுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

"கேக்கல" என்பார். "இன்னும் கேக்கல. எங்க போற, பின்னாடி வா. ஆங், அங்கதான். இப்ப அந்தப் பொம்பள என்ன சொல்லுதுன்னா..."

போன வாரம் லாரி அண்ணன் வெரசா வந்துவிட்டார். எங்கள் கூத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையை ஏன் இப்படி வேலை வாங்குகிறீர்கள் என்று கேட்டார். அப்பா கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்.

"நான் சொன்னாத்தான அவளுக்குத் தெரியும். பேசாம உக்காரு, வசனம் போகுது."