எட்டாம் நம்பர் ஷூ

"நாலு எழுத்து படிச்சிட்டா டாக்டராயிடுவியா? போடி, போய் தண்ணி புடி." அப்பாவின் விரலிடுக்கில் இருந்த சேற்றுப்புண்ணை நான் ஆற்றிக் காட்டுகிறேன் என்றபோது அம்மா சொன்னது இது.

அனகாபுத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் திமிர் ஏழாம் வகுப்பிலேயே இருந்தது. பள்ளிக்கு வந்த டாக்டரம்மா சொன்னதையெல்லாம் வீட்டில் சட்டமாக்கினேன். அப்பாவின் காலுக்குத் தனித் துண்டு. விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. அரிப்பு நின்றாலும் களிம்பை நிறுத்தக் கூடாது. அம்மா அப்பும் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் வேண்டாம். கடைசியாக, பிறர் போட்ட ஷூவைப் போடக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிய அப்பா இதற்கு மட்டும் ஆட்டவில்லை.

அவர் கீழ்க்கட்டளையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பகல் காவலர். புண் காய்ந்து ஆறிவிட்டது போலிருக்கும். சில நாளில் மறுபடி வெளுத்து, பிளந்து, நாறும். வேலைக்குப் போடும் ஷூவை வீட்டுக்குக் கொண்டு வந்தால் வெயிலில் வைக்கலாம் என்பேன். "அது அங்கயே கெடக்கட்டும்மா" என்பார்.

ஐப்பசி மழையில் ஒரு மாலை, நொண்டிக்கொண்டிருந்த அப்பாவை அழைத்துவர அம்மா என்னை அனுப்பினாள். அப்பா குடியிருப்பு வாசலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். காத்திருந்த இரவுக் காவலர் அதே ஷூவுக்குள் காலை நுழைத்தார்.

"இன்னா மச்சான், உள்ள ஏரியே கீது!"

"மீன் மாட்னா எனக்கும் ஒண்ணு குடு."

இருவரும் சிரித்தார்கள். ஷூ இல்லாதவருக்கு அப்பா தன்னுடையதை இரவல் தருகிறார் என்று எனக்கு ஒரே பெருமை. பாவம், அந்த மாமாவுக்கும் புண் வந்துவிடுமே என்று அவருக்காகத்தான் கவலைப்பட்டேன்.

அடுத்த வாரம் அப்பாவின் கால் வீங்கிச் சீழ் பிடித்தது. ரப்பர் செருப்போடு வேலைக்குப் போனவரை மேற்பார்வையாளர் திருப்பி அனுப்பினார். பிறகு கூப்பிடவேயில்லை. அம்மா மறுபடி மஞ்சள் அரைத்தாள். நான் தடுக்கவில்லை.

காவலர் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி ஷூதான் கொடுத்திருந்தார்கள், அது ஒருநாளும் காயவே இல்லை என்பதெல்லாம் எனக்குப் புரியப் பல வருடங்களாயின. கேட்டால் வேலை போய்விடும் என்று அப்பா வாய் திறக்கவில்லை. திறக்காமலே வேலை போனது.

இப்போது எனக்குச் சிறுசேரியில் வேலை. எங்கள் அலுவலக வாசலில் நிற்கும் காவலர் அண்ணா ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தபடியே இருப்பார். நேற்று அவரிடம் ஷூ அளவு கேட்டேன்.

"எட்டு மேடம். நைட்டு ஆளுக்கும் எட்டுதான், அதான் தோதாப் போச்சு."

இப்படி எத்தனை வாசலோ. ஒரு ஜோடி வாங்கி என்ன ஆகிவிடும் என்றுதான் மனம் சொன்னது. ஆனாலும் எட்டாம் நம்பரில் ஒன்று வாங்கி, இன்று காலை அவர் நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.