‘கண்டு’ என்று எழுதியவர்

எங்கள் அக்கவுண்டண்டின் மேசையில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. தெருக்குழாயில் திருகித் தண்ணீர் பிடிப்போமே, அந்தத் தலைப்பாகம் மட்டும். அதன் கழுத்தில் சணல் நூலில் ‘மாதிரி’ என்று எழுதிய அட்டை தொங்கும். காகிதங்கள் காற்றில் பறக்காமல் இருக்க அதைத்தான் தூக்கி வைப்பார். தினமும் காலையில் வந்து உட்கார்ந்ததும் அங்கவஸ்திரத்தின் நுனியால் அதைத் துடைப்பார். பூஜைப் பாத்திரத்தைக்கூட அவ்வளவு சிரத்தையாகத் துடைத்திருப்பாரா என்று தெரியாது. அந்தக் குழாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர் வந்ததில்லை. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு முதலில் அந்தக் குழாய்தான் ஞாபகம் வருகிறது.

திருவனந்தபுரம் நகரசபை ஆபீஸில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில். கரமனையில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. ஊரில் அவருக்கு ரொம்ப நல்ல பெயர். ஒரு காசு கைநீட்டி வாங்கமாட்டார். ஆபீஸ் மையில் வீட்டுக் கடிதம் எழுதமாட்டார். மலையாளிகள் எல்லோரும் அவரை ‘ஸ்வாமி’ என்று கூப்பிடுவார்கள், சேர்மன் உட்பட. அப்பேர்ப்பட்ட நேர்மையாளர் எந்தக் கோப்பு வந்தாலும் அதன் ஓரத்தில் மலையாளத்தில் ஒரே ஒரு சொல் எழுதிக் கையெழுத்துப் போடுவார்: ‘கண்டு’. பார்த்தேன் என்று அர்த்தம். அதில் சரி என்பதும் கிடையாது, கூடாது என்பதும் கிடையாது. வேலைக்கு வந்த புதிதில் அதை நான் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

குழாய் வந்த கதையைச் சொல்கிறேன். சாலை என்று பெயர் கொண்ட கடைத்தெருவுக்குப் பின்னால், கால்வாய் ஓரமாக, நகரசபையின் தூப்புக்காரர்கள் குடியிருந்த லைன் வீடுகள் இருந்தன. ஊரைப் பெருக்குவதற்கென்று திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டு வரப்பட்டவர்கள். நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது. கோயிலுக்குள் எல்லோரும் போகலாம் என்றும் ஆகிவிட்டது. ஆனால் சாலைக் குழாயடியில் மட்டும் அவர்கள் குடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, யாராவது மனமிரங்கி ஊற்றும்வரை நிற்கவேண்டும். ஊற்ற ஆள் இல்லாத நாளில் கால்வாய்த் தண்ணீர்தான். எப்படியோ நகரசபைக்கு மனம் வந்து, லைனுக்குத் தனிக் குழாய் போட மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் ஒதுக்கிச் சேர்த்தது. காண்டிராக்டர் மாதிரிக்கு ஒரு குழாயைக் கொண்டுவந்து அக்கவுண்டண்ட் மேசையில் வைத்தார்.

எங்கள் ஆபீஸைப் பெருக்கியவளும் அந்த லைன்காரிதான். அவள் பெயரை நான் கேட்டதே இல்லை, ‘தூப்புக்காரி’ என்றே கூப்பிட்டோம். அந்த மேசையைத் தொட அவளுக்கு அனுமதி கிடையாது. அதைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டே குழாயைப் பார்ப்பாள்.

“எங்க கொழா எப்பம் சாமி வரும்? எம்மவ எடுப்புல கொடத்த வச்சிக்கிட்டு விடியமின்னே போயி நிக்கா” என்பாள்.

“மழை கழியட்டும்” என்பார் அவர், நிமிர்ந்து பார்க்காமல்.

மழை என்ற காரணத்தைக் கண்டுபிடித்தவர் சேர்மன். ஒரு நாள் அவரே எங்கள் அறைக்கு வந்தார். “ஸ்வாமி, மழை கழியாமல் மண்ணு தோண்ட ஒக்குமோ? அதுவரைக்கும் இந்தப் பணம் கஜானாவிலே வெறுதே கிடக்கணுமோ?” என்றார். சும்மா கிடக்கும் பணத்தைக் கண்டால் சிலருக்குக் கை அரிக்கும். ஊரில் அப்போது ஒரு தனியார் பாங்கு கஜானாவைவிடக் கூடுதல் வட்டி தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் டைரக்டர்களில் ஒருவர் சேர்மனின் சம்பந்தி. நகரசபைப் பணத்தைக் கஜானாவை விட்டு வெளியே வைப்பதென்றால் அக்கவுண்டண்ட் எழுத்தில் அபிப்பிராயம் சொல்லவேண்டும் என்பது விதி. கோப்பு வந்தது. இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்றாம் நாள் குழாயை நகர்த்திவிட்டு, ‘கண்டு’ என்று எழுதினார்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவரே சொன்னார்: “வேண்டாம்னு எழுதினா சேர்மனுக்குக் கோபம் வரும். சரீன்னு எழுதினா நாளைக்கு நம்ம கழுத்துக்கு வரும். கண்டுன்னு எழுதினா யார் என்ன பண்ண முடியும், கேட்டயா?”

மழை கழிந்தது. பாங்குக்குப் போன பணத்தைத் திருப்பி எடுக்கிற பேச்சே இல்லை. இன்னும் ஆறு மாதம் கிடந்தால் வட்டி சேருமே என்றார்கள். அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, அந்தப் பாங்கின் தலைமை ஆபீஸில் வேலை பார்த்த அவருடைய மைத்துனரிடமிருந்து கடிதம் வந்தது. படித்தார், மடித்தார், கிழித்தார். பிறகு என்னிடம் ஒரு செக்கை நீட்டினார். “என் கணக்கிலே இருக்கறதை முழுக்க வாங்கிண்டு வந்துடு. கேட்டா பொண் கல்யாணம்னு சொல்லு” என்றார். அவருடைய பெண்ணின் கல்யாணம் போன வருஷமே முடிந்து, நான் பந்தியில் பாயசம் சாப்பிட்டிருந்தேன்.

பாங்கு முழுகப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. “ஸார், நம்ம ஆபீஸ் பணம்?” என்று கேட்டேன்.

“அதைப் பத்தி ஃபைல் ஏதாவது வந்திருக்கா? வரல்லையே. வந்தா பார்ப்போம்.”

இவ்வளவு சொன்னவன் இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அதே பாங்கில் என்னுடைய சிறு சேமிப்பும் இருந்தது. வழியில் வீட்டுக்குப் போய்ப் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டேன். பாங்கின் ரிஜிஸ்தரில் அவர் பெயருக்குக் கீழே என் பெயர். இரண்டு பேர் பணத்தையும் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு சாலை வழியாகத்தான் திரும்பி வந்தேன். குழாயடியில் தூப்புக்காரியின் மகள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தாள். பார்த்தேன்.

அதற்குப் பிறகும் பத்து நாள் முழுதாக இருந்தது. பத்து நாளும் அவர் வந்தார், குழாயைத் துடைத்தார், கோப்புகளில் ‘கண்டு’ எழுதினார். நானும் வாயைத் திறக்கவில்லை. பதினோராம் நாள் பாங்கின் கதவு பூட்டியிருந்தது. கதவுக்கு முன்னால் சாலை வியாபாரிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்களோடு அழ லைனிலிருந்து யாரும் வரவில்லை. தங்கள் குழாய் அந்தப் பாங்குக்குள் போன சங்கதியே அவர்களுக்குத் தெரியாது.

அந்தக் கோடையில் லைனில் வாந்திபேதி வந்தது. தூப்புக்காரி மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்து வழக்கம்போலப் பெருக்கினாள். மேசைப் பக்கம் வந்தபோது குழாயைப் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவுமில்லை. மகள் போய்விட்டாள் என்று பியூன் சொன்னான். அக்கவுண்டண்ட் ‘அடடா’ என்றார். அதற்குள் காற்றில் ஒரு காகிதம் எழும்பவே, குழாயை எடுத்து அதன் மேல் வைத்தார்.

விசாரணை நடந்தது. அக்கவுண்டண்டே பார்த்துவிட்டு ஆட்சேபிக்கவில்லையே என்றார் சேர்மன். “நான் கண்டேன்னுதான் எழுதினேன், சம்மதம்னு எழுதல்லையே” என்றார் அக்கவுண்டண்ட். விசாரிக்க வந்த சர்க்கார் அதிகாரி சிரித்தேவிட்டார். அந்தச் சிரிப்போடு எல்லாம் முடிந்தது. இரண்டு வருஷம் கழித்து, மாலை மரியாதையோடு, முழுப் பென்ஷனில் அவர் ஓய்வு பெற்றார். கறைபடாத கை என்று பிரிவுபசாரத்தில் ஒருவர் பேசினார்.  நானும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன்.

அவர் நாற்காலி எனக்கு வந்தது. மேசையோடு குழாயும் வந்தது. முதல் நாள் தூப்புக்காரி பெருக்க வந்தவள், துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இனிமே சாமிதான் பாப்பீகளா? இருக்க புள்ளைகளுக்காச்சும் வரட்டும், சாமி.”

“பாக்கறேன்” என்றேன். அந்த நிமிஷத்தில் உண்மையாகவே சொன்னேன்.

அந்த வாரமே கோப்பு வந்தது. பாங்கில் போன பணத்தை நஷ்டமென்று தள்ளிவிடலாம், லைன் குழாய் வேலையையும் கைவிடலாம், அக்கவுண்டண்டின் அபிப்பிராயம் தேவை. சேர்மன் அதே ஆள்தான். எனக்கு நிரந்தர உத்தரவு இன்னும் வரவில்லை. இரண்டு நாள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் குழாயை நகர்த்திவிட்டு, பேனாவில் மை தொட்டு, ‘கண்டு’ என்று எழுதினேன்.

ஓய்வு பெற்றபோது குழாயை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. இதோ, நான் எழுதுகிற இந்தத் தாள்களின் மேல்தான் இருக்கிறது. அட்டை எப்போதோ உதிர்ந்துவிட்டது, நூல் மட்டும் மிச்சம். நான் அதைத் துடைப்பதில்லை, பச்சை பிடித்துக் கிடக்கிறது. ஆனாலும் காகிதம் பறக்காமல் நன்றாகத்தான் பிடித்துக்கொள்கிறது.