கண்ணை மட்டும் விட்டுவிட்டு

பச்சைப் புளியவிளார் உள்ளங்கையில் விழுந்ததும் ஒரு நொடி ஜில்லென்றுதான் இருக்கும், பிறகுதான் காந்தும். அரியலூரில் அரசுப் பள்ளியில் படித்தபோது அந்தக் காந்தல் இல்லாமல் ஒரு வாரம் போனதாக எனக்கு நினைவில்லை. கணக்கு வாத்தியார் அடிப்பார், அவர் அடிக்காத நேரத்தில் நாங்களே குழாயடியில் ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொள்வோம், அதே வாத்தியார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்த் தையல் போட்டுக் கூட்டிவருவார். என்னைச் சேர்த்த அன்று, எங்கள் பக்கத்து அப்பாக்கள் எல்லாரும் சொல்வதைத்தான் என் அப்பாவும் அவரிடம் சொன்னார்: "கண்ணு ரெண்ட மட்டும் வுட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்." அது வெறும் மரியாதைப் பேச்சு. வாத்தியாரும் சிரித்து, "சரி, போயிட்டு வாங்க" என்றார்.

சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய அப்பாவுக்கு ஒரு பிள்ளையாவது டை கட்ட வேண்டும் என்று ஆசை. நான் தேறமாட்டேன் என்று முடிவாகிவிட்டதால், தம்பி செந்திலைப் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளி விடுதியில் சேர்த்தார். பளபள தரை, ஷூ, வாசலிலேயே 'குட்மார்னிங்'. அப்பா அங்கேயும் அதையே சொன்னார். வார்டன் சிரிக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

அரையாண்டு லீவுக்கு வந்த செந்திலின் தலையணையில் சீழும் ரத்தமும் படிந்திருந்ததைப் பார்த்து அம்மா அலறினாள். தமிழில் பேசினான் என்று வார்டன் இடது காதோடு சேர்த்து அறைந்திருக்கிறார். பயத்தில் அவன் யாரிடமும் சொல்லவில்லை. சவ்வு கிழிந்து புரையோடிவிட்டது, இனி அந்தக் காது கேட்காது என்றார் டாக்டர்.

அப்பா லாரியிலிருந்த இரும்பு ராடை எடுத்துக்கொண்டு பெரம்பலூருக்குக் கிளம்பினார், நானும் பின்னாலேயே ஓடினேன். அந்த வார்டன் நாற்காலியை விட்டு எழவில்லை. "நீங்கதானங்க உரிக்கச் சொன்னீங்க? கண்ண நான் தொடவே இல்லையே" என்றான். அப்பா அவனை அடிக்கவில்லை. மேஜைக் கண்ணாடியை நொறுக்கினார், கோப்பைகள் வைத்திருந்த அலமாரியை நொறுக்கினார், பிறகு வெளியே வந்து, நானும் வாட்ச்மேனும் கையைப் பிடித்து நிறுத்தும்வரை, தன் கன்னத்திலேயே மாறி மாறி அறைந்துகொண்டார். மறுவாரமே செந்தில் எங்கள் பள்ளிக்கு வந்துவிட்டான்.

கவர்மெண்ட் நல்லதா, பிரைவேட் நல்லதா என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. எங்கள் பள்ளி ஒன்றும் கோயில் இல்லை, என் சுண்டுவிரல் இன்றும் சரியாக மடங்காது. ஆனால் எந்த அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வகுப்பு வாசல்வரை வந்து "ஏங்க அடிச்சீங்க?" என்று கேட்கலாம். அங்கே கேட் பூட்டியிருக்கும், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் திறக்கும். இப்போது இரண்டு இடத்திலும் பிரம்பு இல்லை, கை வைத்தால் கேஸ் ஆகிவிடும். பழையது எது ஒழிந்தாலும் புலம்புகிற ஆள் நான், இது ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

போன ஜூனில் செந்திலின் மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு மூவரும் பஸ்ஸில் திரும்பினோம். ஜன்னலோரம் செந்தில், அவன் இடப்பக்கம் அப்பா, பின்சீட்டில் நான். "நான்தான்டா கெடுத்தேன், நான்தான் தோலை உரிக்கச் சொல்லிட்டு வந்தேன்" என்று அப்பா தணிந்த குரலில் வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார். எனக்கு எல்லாம் கேட்டது. வெளியே பார்த்துக்கொண்டிருந்த செந்திலுக்கு ஒரு வார்த்தையும் கேட்டிருக்காது. அப்பாவுக்கு அது தெரியும்.