சேசுராஜ் மெத்தைக்கு உறை போட்ட கதை

சேசுராஜுக்கு ஜென்ம விரோதி என்று ஒன்று உண்டென்றால் அது ஈரம்தான். சிவகாசியில் காலண்டர் அடிக்கும் அச்சகம் ஒன்றில் பதினாறு வருஷமாக மெஷின்மேன். காற்றில் ஈரம் ஏறினால் தாள் வளையும். தாள் வளைந்தால் சிவப்பும் கறுப்பும் மயிரிழை விலகி விழும். விலகி விழுந்தால் அந்த லோடு முழுக்கக் குப்பை. அதனால் வானத்தில் ஒரு துண்டு மேகம் தெரிந்தாலே மனுஷன் ஜன்னலைச் சாத்தக் கிளம்பிவிடுவார். ஊரே மழைக்கு ஏங்கும்போது அதைத் திட்டுகிறவர்கள் பட்டாசு காயப்போட்டவர்களும் இவரும்தான்.

அப்படிப்பட்ட ஆளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து, 2006 மே மாதம், ஆல்பின் பிறந்தான். பிள்ளை என்றால் ஈரம். நாளைக்குப் பதினைந்து தடவை ஈரம். ஆண்டவருக்கும் கிண்டல் பிடிக்கும்போலிருக்கிறது.

சேசுராஜின் மனைவி பாக்கியவதி விருதுநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த வேலை. அவளோடு வேலை பார்க்கும் டீச்சர்கள் எல்லோரும் சேர்ந்து, கம்பி வைத்த மரக்கட்டில் ஒன்றை ஃபோம் மெத்தையோடு பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்திருந்தார்கள். திருத்தங்கல் வீட்டில் அந்தக் கட்டில் வந்து இறங்கியபோது தெருவே வந்து பார்த்தது. மெத்தையை மூடியிருந்த பாலித்தீன் கவரைப் பிரிக்கக் கூடாது என்று சேசுராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கவருக்கு மேலே ஒரு சேலைத் துணி, அதற்கு மேலே பிள்ளை. மூன்று மாதமாக மெத்தை புத்தம் புதிதாக இருந்தது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆகஸ்டில் பாக்கியவதியின் லீவு முடிய வந்தது. இரண்டு குடும்பத்திலும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் பெரியவர்கள் இல்லை. சேசுராஜ் கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி மாலை ஷிஃப்ட் வாங்கிக்கொண்டார். அவள் பகலில் பள்ளிக்கூடம் போவாள், சாயங்காலம் வந்ததும் இவர் கிளம்புவார். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆளைத்தான் அவளால் நம்ப முடியவில்லை.

“சனிக்கிழமை ஒரு ஒத்திகை பாப்போம். பத்து மணிக்குப் போயிட்டு ஒரு மணிக்கு வாரேன். பிள்ளைய ஒழுங்கா வச்சிருந்தீகன்னா திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போறேன். இல்லைன்னா வேலைய விட்டுருதேன்” என்றாள்.

சும்மா மிரட்டுகிறவள் இல்லை அவள். சாயங்காலம் தலைமுடியில் சாக்பீஸ் தூளோடு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றும் பாக்கியவதியைச் சேசுராஜுக்கு ரொம்பப் பிடிக்கும். தன்னால் அது நின்றுபோனால் அவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பக்கத்து வீட்டு நர்ஸ் ஹெப்சிபா பிள்ளையைக் கொஞ்ச வந்தாள். வந்தவளுக்கு மெத்தையைத் தொட்டதும் முகம் மாறியது.

“அண்ணாச்சி, இந்தக் கவரை இன்னுமா எடுக்கலை? ஒரு மூலை கிளம்பி பிள்ளை மூக்குல ஒட்டிக்கிட்டா, தள்ளிவிடத் தெரியுமா அதுக்கு? மூச்சு முட்டிப் போகும். மொதல்ல கிழிச்சு எறிங்க.”

மூன்று மாதமாக எதன்மேல் பிள்ளையைப் படுக்கவைத்திருந்தோம் என்று நினைக்கவே சேசுராஜுக்குப் பயமாக இருந்தது. கவரைக் கிழித்து, சுருட்டி, தெருமுனைக் குப்பைத்தொட்டிவரை போய்ப் போட்டுவிட்டு வந்தார்.

“அப்ப ஈரத்துக்கு என்ன செய்ய, சிஸ்டர்?”

“டூட்டிக்கு நேரமாச்சு. மத்தியானம் வந்து சொல்லுதேன்” என்று அவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

மத்தியானம்வரை பொறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஒத்திகை பத்து மணிக்கு. மெத்தையோ திறந்து கிடக்கிறது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. அச்சு மெஷினில் உருளையைச் சுற்றி இழுத்துக் கட்டுகிற ரப்பர் விரிப்புக்குப் பிளாங்கெட் என்று பெயர். மை முதலில் அதில் ஒட்டி, அதிலிருந்துதான் தாளில் இறங்கும். தேய்ந்துபோன பிளாங்கெட்டை அச்சகத்துக்காரர்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர்க் குடத்துக்கு அடியில் போடுவார்கள். இவர் வீட்டிலும் ஒன்று இருந்தது. கனமானது, மூக்கில் ஒட்டாது, சொட்டுத் தண்ணீர் இறங்காது. வேறென்ன வேண்டும்? மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து மெத்தைமேல் விரித்தார். மேலே ஒரு துணியையும் போட்டார்.

பாக்கியவதி பிள்ளையைக் குளிப்பாட்டி, உடம்பெல்லாம் தேங்காயெண்ணெய் தடவிக் கொடுத்துவிட்டுப் பத்து மணிக்குப் படியிறங்கினாள். ஆல்பின் பால் குடித்தான், உதைத்தான், துணியை ஓரமாகத் தள்ளினான், வெறும் பிளாங்கெட்டில் மல்லாந்து சுகமாகத் தூங்கினான். சேசுராஜ் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணிக்கு வந்தவள் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டாள். அடுத்த நொடி தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

பிள்ளையின் முதுகில் சிவப்பாக, கொழுகொழுவென்று, 17 என்று இருந்தது. அதற்குக் கீழே சனி. தொடையில் பாதி அழிந்த கறுப்பெழுத்தில் எமகண்டம். பிளாங்கெட்டின் துளைகளில் மிச்சமிருந்த காலண்டர் மையை எண்ணெய் இளக்கி எடுத்துவிட்டது. பிளாங்கெட்டில் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பித்தான் இருக்கும், தாளில்தான் நேராகும். இங்கே தாளுக்குப் பதில் ஆல்பின்.

சேசுராஜ் குனிந்து பார்த்தார். பதினாறு வருஷப் பழக்கம், வாய் சும்மா இருக்கவில்லை.

“ரெஜிஸ்டர் சுத்தமா விழுந்திருக்கு, பாத்தியா? சிவப்பும் கறுப்பும் விலகவே இல்ல.”

“பிள்ளையா இது, ப்ரூஃபா?” பாக்கியவதிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “அந்தோணியார் கோயில்ல ஞானஸ்நானம் குடுத்த பிள்ளைக்கு எமகண்டத்தை ஒட்டி வச்சிருக்கீகளே!”

டூட்டி முடிந்து வந்த ஹெப்சிபா முதலில் சிரித்தாள். பிறகு மண்ணெண்ணெய் வாடையை மோந்துவிட்டு, சிரிப்பை நிறுத்தித் திட்டினாள். பஞ்சில் எண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, திரும்பத் துடைத்தாள். சனி போனது, எமகண்டம் போனது, 17 மட்டும் ரோஸ் நிறத்தில் கொஞ்ச நேரம் அடம்பிடித்தது. “தோல்ல தடிப்பு ஒண்ணும் இல்ல, மூச்சும் நல்லா இருக்கு. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்க” என்றாள். ஆல்பினுக்கு இத்தனை பேர் தன் முதுகைத் தடவியதில் ஏகப்பட்ட சந்தோஷம்.

அன்று சாயங்காலம் பாக்கியவதி ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து எழுதினாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். “திங்கக்கிழமை ஸ்கூல்ல இந்த ராஜினாமாக் கடிதத்தக் குடுத்துட்டு வந்திருதேன்” என்றாள். சண்டை போட்டிருந்தாலும் தாங்கியிருப்பார். அவள் சாதாரணமாகச் சொன்னதுதான் அவரைக் குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சேசுராஜ் ஹெப்சிபா வீட்டுத் திண்ணையில் அல்ல, அடுப்படி வாசலிலேயே போய் நின்றார். “சிஸ்டர், இப்ப முழுசாச் சொல்லுங்க. நான் நடுவுல யோசிக்க மாட்டேன்.”

“ஆஸ்பத்திரில போடுற ரப்பர் ஷீட் மருந்துக்கடைல கிடைக்கும். மெத்தை அளவுக்கு வெட்டி, நகராமக் கட்டிப் போடுங்க. மேல பருத்தித் துணில உறை, அடிப்பக்கம் எலாஸ்டிக் வச்சுத் தைச்சு. எதுவும் தொளதொளன்னு இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான். பிள்ளைய மல்லாக்கப் போடுங்க. தலகாணி, பொம்மை, போர்வை ஒண்ணும் கட்டில்ல கிடக்கப்படாது. நனைஞ்சா உடனே மாத்துங்க.”

தொளதொளப்பு கூடாது என்றதும் சேசுராஜுக்கு விளங்கிவிட்டது. உருளையில் பிளாங்கெட்டைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுவதுதானே அவர் பிழைப்பு. ஸ்டீல் ஸ்கேல் வைத்து மெத்தையை அளந்தார். ரப்பர் ஷீட்டின் நாலு மூலையிலும் நாடா தைத்து மெத்தைக்கு அடியில் முடிந்தார். மனைவியின் தையல் மெஷினில் அவரே உட்கார்ந்தார், மெஷின் என்றால் மெஷின்தானே என்று. முதல் உறை கோணலாகப் போய் அடுப்படித் துணியானது. அடுத்த மூன்றும் சரியாக வந்தன. பாக்கியவதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து மெத்தை நடுவில் ஊற்றினாள்.

சேசுராஜ் அலறாத குறை. கொஞ்ச நேரம் கழித்து அவள் உறையை உருவினாள், ரப்பர் ஷீட்டை அவிழ்த்தாள், ஃபோமில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். நீளத்துக்கும் தடவிப் பார்த்தாள். ஒரு பொட்டு ஈரம் இல்லை. திரும்ப அவரையே கட்டச்சொல்லி, புது உறை போட்டதும் ஒவ்வொரு மூலையாகப் பிடித்து இழுத்தாள்.

“இடது மூலை இன்னும் கொஞ்சம் இறுக்குங்க” என்றாள். கைப்பையிலிருந்த கடிதத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்கிற தைரியம் இவருக்கும் இல்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு அதே கைப்பையோடு கிளம்பினாள். பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள். “பால் நேரமெல்லாம் எழுதிக் காலண்டர் ஆணில மாட்டியிருக்கேன்” என்று படியிலிருந்தே சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். கடிதத்தைக் கொடுத்துவிட்டு மத்தியானமே திரும்பிவிடுவாள் என்றுதான் சேசுராஜ் நினைத்தார்.

பத்து மணிக்கு ஆல்பின் சிணுங்கியதும் ஆணியிலிருந்து தாளை எடுத்தார். பத்துக்குப் பால், பன்னிரண்டரைக்குப் பால், அழுதால் முதலில் துணியைப் பார்க்கவும், பிளாங்கெட் பக்கம் போகவே கூடாது என்று எழுதி அடிக்கோடு. சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பினார். பின்பக்கமும் அவள் கையெழுத்துதான்.

“மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு, என் குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாத காரணத்தால்…”

சேசுராஜ் அந்த வரியை மூன்று தடவை படித்தார். அப்புறம் நடுவீட்டில் நின்று அழுதார். ஒன்பது வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவர் அழுததில்லை. அழுது முடிப்பதற்குள் ஆல்பின் நனைத்துவிட்டான்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிள்ளையைத் துடைத்துத் தோளில் போட்டு, ஒற்றைக் கையால் பழைய உறையை உருவினார். ரப்பர் ஷீட்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தார். மெத்தை காய்ந்திருந்தது. இரண்டாவது உறையை எடுத்து, இடது மூலையிலிருந்து இழுத்துப் போட ஆரம்பித்தார்.