யாரும் மாற்றக்கூடாத கட்டங்கள்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இருந்தும், ஆழ்வார்குறிச்சியிலிருந்து கூடங்குளம் வரை ஆழ்துளைக் கிணறு, அதாவது போர் போடும் எங்கள் கம்பெனிக்கு டேட்டாபேஸ் செய்தது நான்தான். ஐம்பது வயதுக்கு மேல், ஒரு தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டித் தட்டிக் கற்றேன். எந்த ஊர், எத்தனை அடி, எதில் பாறை, எதில் தண்ணீர், எல்லாம் அதில் உண்டு. போர் வண்டியில் நான் துளை போடும் ராடு தூக்கிய காலத்துக் கிணறுகளைக்கூட ஞாபகத்திலிருந்து ஏற்றினேன். அப்படி ஒன்று தாமிரபரணிக் கரையில் வேறு எவனிடமும் கிடையாது. சவால் விட்டே சொல்லுகிறேன்.

அதில் 'தண்ணீர் இல்லை' என்று ஒரு கட்டம். வண்டிக்காரர்கள் தோற்ற கிணற்றைப் பற்றிப் பேசமாட்டார்கள்; அடுத்த துளை போடுகிற இடத்தில் அந்த ஊர்ப் பேரை எடுத்தாலே ஆகாது என்பார்கள். நான் எழுதி வைத்தேன். வறண்ட கிணறுதான் அடுத்த கிணற்றுக்கு வழி சொல்லும்.

ஒருநாள் அந்தக் கட்டத்தையே காணோம். பதினைந்து வருஷமாக எங்களிடம் டைப் செய்யும் பாளையங்கோட்டை அம்மாள் எடுத்துவிட்டிருந்தாள்.

"டிரைவர் அண்ணன்தான் சொன்னாவ, அண்ணாச்சி. போர் போட வாரவங்க பக்கத்துல உக்காந்து ஸ்கிரீனையே பாக்காங்க. இத்தன இடத்துல தண்ணி இல்லன்னு பாத்தா எவன் நம்ம வண்டியக் கூப்பிடுவான்?"

"மறைக்கணும்னா ஒரு துணியப் போட்டு மறைச்சிருக்கலாமே. வேரோட புடுங்கிட்டியே, தாயி."

கட்டத்தை நீக்கினால் அதில் எழுதியதெல்லாம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியாது. சனிக்கிழமைதோறும் நகல் எடுத்து வைப்பவன் நான், அதனால் பிழைத்தது.

அன்றைக்கே பூட்டினேன். மெனுக்களை மறைத்தேன். ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டு பின்வாசல் வழியாக நுழைவதையும் அடைத்தேன். வடிவமைப்பைத் திறக்கவே முடியாத நகலை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மூலத்தைக் கடவுச்சொல் போட்டு என் கம்ப்யூட்டரில் வைத்துக்கொண்டேன். அவர்கள் எழுதும் விவரம் என் மூலத்தில் வந்து சேரும். ஒரு கட்டத்தை இம்மி நகர்த்த முடியாது.

"பாவநாசம் அணை மதகுக்குக்கூட இம்புட்டுப் பூட்டு கெடையாது, அண்ணாச்சி" என்றான் டிரைவர்.

அதற்கு முன்பெல்லாம் என் அறைக்கு ஆள் வந்துகொண்டே இருக்கும். இந்தக் கட்டத்தை அகலமாக்கட்டா, எழுத்து சின்னதாக இருக்கே என்று ஏதாவது. பூட்டியபின் எவரும் வரவில்லை. மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து வீட்டில் பேச்சில்லை. அலுவலகத்திலும் இல்லாமல் போயிற்று. மரியாதை கூடியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒருமுறை அம்மாள் வந்தாள். "முன்ன தண்ணி வந்த போரெல்லாம் இப்ப வத்திட்டுன்னு போன் பண்ணுதாங்க, அண்ணாச்சி. வத்துன வருஷத்துக்கு ஒரு கட்டம் போட்டுத் தாரியளா?"

"நான் போட்டிருக்கது போதும்" என்றேன். சரி என்று போய்விட்டாள்.

ஆறேழு மாதம் அது மனதை அரித்தது. வற்றிய கிணற்றைத் தண்ணீர் உள்ளது என்றே வைத்திருந்தால் என் பதிவு பொய்தானே? தினமும் பழைய ஊர்களைப் புரட்டுவேன், இந்த நினைப்பு வரும். ஒரு மத்தியானம் மூலத்தைத் திறந்தேன். யாராவது உள்ளே இருந்தால் கட்டம் சேர்க்க விடாது. அறையிலிருந்தே குரல் கொடுத்தேன்: "எல்லாரும் டேட்டாபேஸ மூடுங்க. கொஞ்ச நேரம் யாரும் தொடக்கூடாது."

மூடினார்களா என்று பார்க்க எழுந்து போனேன். அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்க யாரும் தொறக்கதே இல்லயே, அண்ணாச்சி. நீங்க மட்டுந்தான் தொறந்து வச்சிருக்கீய. நாங்க போன ஆனிலருந்து வாட்ஸப்புலல்லா போடுதோம். அதுல வேணுங்கத எழுதிக்கிடலாம்."

"வத்துன கிணறுமா?"

"எல்லாந்தான். இடம், படம், எல்லாம்."

"அந்தக் குரூப்புல நான் இல்லயே?"

அம்மாள் டிரைவரைப் பார்த்தாள். அவன் தலையைச் சொறிந்தான். "உங்களுது பட்டன் போனுல்லா, அண்ணாச்சி."

அறைக்குத் திரும்பிக் கட்டத்தைச் சேர்த்தேன். இந்தமுறை பூட்டவில்லை. பூட்டாத நகலையே அவர்கள் கம்ப்யூட்டர்களில் வைத்துவிட்டு, கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி அம்மாளிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி டிராயரில் வைத்தாள். போன் அடித்தது, எடுக்கப் போய்விட்டாள்.

வற்றிய வருஷம் என்ற கட்டத்தில் இன்று வரை ஒரே ஒரு பதிவுதான் இருக்கிறது. எங்கள் வீட்டுப் போர். போன கோடையில் தண்ணீர் நின்றது. அதை எழுதியது நான்.