பிளாஸ்டிக் ஷீட்டா, ரப்பர் மேட்டா?

எங்கள் எஸ்டேட் பிக்கப் வண்டியின் பின்பாடியில் கீறல் விழாமல் விரிக்க ஏதாவது வாங்கலாம் என்று இன்று முதலாளியோடு சேலம் இறங்கினேன். நான் டிரைவர்.

கடைக்காரர் வழவழப்பான பிளாஸ்டிக் ஷீட் ஒன்றையும் சொரசொரப்பான ரப்பர் மேட் ஒன்றையும் காட்டினார்.

"ஏனுங்க, பின்னாடி என்னங்க ஏத்துவீங்க?"

"காப்பி மூட்டைதானுங்க," என்றார் முதலாளி.

"அப்ப பிளாஸ்டிக்கே போடுங்க. இழுத்தா மூட்டை சல்லுனு வரும்."

தினமும் காலையில் தலைச்சோலை கிராமத்திலிருந்து பன்னிரண்டு பெண்களை அந்தப் பாடியில் நிற்கவைத்துத்தான் வேலைக்கு ஏற்றி வருகிறேன்.

"ஆளுங்களும் ஏறுவாங்கங்க. ஈரக்காலோட வழுக்கீரும். ரப்பரே வாங்கலாமுங்க," என்றேன்.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்பது கடைக்காரருக்கும் தெரியும். அவர் முதலாளியைப் பார்த்தார்.

"ஆளெல்லாம் ஏத்தறதில்லைங்க. இவன் நொம்பப் பேசுவான்," என்று முதலாளி சிரித்தார்.

பிளாஸ்டிக்கை மாட்டிவிட்டார்கள்.

திரும்பும்போது அடிவாரத்தில் எங்கள் எஸ்டேட் பெண்கள் மூன்று பேர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முதலாளியே வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"பின்னாடி ஏறிக்குங்க. செருப்பைக் கழட்டீட்டு ஏறுங்க, புதுசு."

ஏறும்போதே அவர்களில் செல்வி அக்காவுக்குக் கால் வழுக்கியது. பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துத் தப்பித்தார்.

யாரிடமாவது பழைய ரப்பர் மேட் சும்மா கிடந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். இன்று மலைப்பாதையின் இருபது கொண்டையூசி வளைவிலும் எங்கள் காப்பி மூட்டைகள், "மெதுவாப் போ சாமி, மெதுவாப் போ" என்று கத்திக்கொண்டே வந்தன.